இரண்டரை மாதக் குழந்தைக்கு வேர்க்குரு: பவுடர் போடலாமா, எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தணுமா?

அகில்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு இரண்டரை மாதம். சென்னையில் இருக்கிறோம். கத்திரி தொடங்கியதிலிருந்து கழுத்து மடிப்பு, பிடரி, முதுகு முழுக்கச் சிவப்பாகப் பொடிப்பொடியாகக் கிளம்பியிருக்கிறது. நெற்றியில் முடி ஓரமாகவும் கொஞ்சம். காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான். தூக்கத்தில்தான் நெளிந்துகொண்டே இருக்கிறான். வீடு மேல் மாடி, எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான்.

தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பாசிப்பயறு மாவு போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, உடம்பு முழுக்க பவுடர் போடுவது அத்தையின் வழக்கம். வேர்க்குரு வந்தபின் பவுடரை இன்னும் தாராளமாகப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா நுங்குத் தண்ணீர் தடவச் சொல்கிறார். நான் மாம்பழம் சாப்பிடுவதால் பாலில் சூடு இறங்குகிறது என்கிறார் அம்மா. ஏசி போட்டால் சளி பிடிக்குமாம். இதில் எதைக் கேட்பது, எதை விடுவது? கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு சங்கு கொடுத்தால் சூடு தணியுமா?

பச்சிளம்_செவிலி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்மா. தண்ணீர் வேண்டாம், ஒரு சங்குகூட வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை எந்தக் கோடைக்கும் தாய்ப்பாலே போதும். அதில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். இந்த வயதில் சிறுநீரகம் கூடுதல் தண்ணீரை வெளியேற்றத் திணறும். இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகலாம். தண்ணீரால் வயிறு நிறைந்தால் பால் குடிப்பதும் குறையும். வெயில் நாளில் குழந்தை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள், நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஒரு நாளில் ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் பால் போதுமான அளவு சேர்கிறது.

மாம்பழத்தை விட வேண்டாம். தாய் சாப்பிடும் எந்த உணவும் குழந்தைக்கு வேர்க்குருவை வரவழைக்காது.

இது வருவது எப்படி என்று தெரிந்தால் மற்றக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். ஒரு மனிதருக்கு ஆயுள் முழுக்க உள்ள வியர்வைச் சுரப்பிகள் எல்லாமே பிறக்கும்போதே இருக்கின்றன. பெரியவருக்கு உள்ள அத்தனையும் இத்தனூண்டு உடம்பில் நெருங்கிக் கிடக்கின்றன. வியர்வை வெளியே வரும் குழாய்களும் இன்னும் முழுதாகப் பக்குவப்படவில்லை. தோல் நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் மேல்தோல் ஊறி உப்பி, அந்தக் குழாயின் வாய் அடைபடும். உள்ளே சுரக்கும் வியர்வைக்கு வழியில்லாமல் பக்கத்துத் தோலுக்குள் கசியும். அந்தக் கசிவுதான் சிவப்புப் பொரி, அரிப்பு, குத்தல் எல்லாம். ஆக, வியர்வையைக் குறைப்பதும், வந்த வியர்வை காற்றில் காய வழி விடுவதும்தான் வைத்தியம். தோல்மேல் எதைப் பூசினாலும் அது அநேகமாக அந்த வழிக்குக் குறுக்கேதான் நிற்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: எண்ணெய், மாவு, சாம்பிராணி, பவுடர் நான்கையும் நிறுத்துங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை வெதுவெதுப்புக்கும் சற்றுக் குறைவான தண்ணீரில் ஐந்து நிமிடம் குளிப்பாட்டினால் போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. ஐஸ் தண்ணீர் வேண்டாம். சோப்பு ஒருவேளை மட்டும், அதுவும் வாசனையில்லாத மென்மையான சோப்பைக் கையில் நுரைத்து அக்குள், தொடையிடுக்கு, பிட்டம் ஆகிய இடங்களுக்கு. குளிக்கும் தண்ணீரில் ஆன்டிசெப்டிக் திரவம் ஊற்றாதீர்கள், ஏற்கனவே புண்பட்ட தோலை அது இன்னும் எரிச்சலாக்கும். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

கழுத்து மடிப்பைத்தான் பலரும் சரியாகத் துடைப்பதில்லை. இந்த வயதில் கழுத்தே தெரியாது, தாடை மார்போடு ஒட்டிக் கிடக்கும். ஒரு சின்னத் துண்டை உங்கள் மணிக்கட்டுப் பருமனுக்குச் சுருட்டித் தோள்பட்டைக்கு அடியில் வையுங்கள். தலை லேசாகப் பின்னால் சாய்ந்து மடிப்பு விரியும். உள்ளே பால் வழிந்து திரிந்து, வெள்ளை நூல்போலப் படிந்திருக்கும். ஈரமான மல் துணியால் ஒருமுறை வழித்து எடுங்கள். உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அப்படியே இரண்டு நிமிடம் காற்றுப்பட விட்டு, பிறகு துண்டை எடுத்துவிடுங்கள். தூங்கும்போது தோளுக்கடியில் எதுவும் இருக்கக்கூடாது. பகலில் முடிந்தவரை ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் இதைச் செய்தால் கழுத்துப் புண் இரண்டு மூன்று நாளில் ஆறத் தொடங்கும்.

உடுப்பு ஒன்றே ஒன்று போதும். கையில்லாத, முன்பக்கம் முடிச்சுப் போடும் மெல்லிய பருத்தி ஜப்லா. வீட்டுக்குள் தொப்பி, காலுறை, கையுறை வேண்டாம். குழந்தை தன் சூட்டைத் தலைவழியாகத்தான் நிறைய வெளியேற்றும். முதுகு முழுக்க வேர்க்குரு என்றால் அடியில் விரித்திருப்பதைப் பாருங்கள். ரப்பர் ஷீட் இருக்கும். அதை இடுப்புக்குக் கீழே மட்டும் வைத்து, முதுகும் தலையும் வெறும் பருத்தி விரிப்பின்மேல் படும்படி படுக்க வையுங்கள். டயப்பர் கட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இடையில் பதினைந்து இருபது நிமிடம் சும்மா விடுங்கள். இடுப்பில் கட்டிய கறுப்புக் கயிறு குளித்தபின் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும், அதற்கு அடியில் வட்டமாகப் பொரி வரும். இந்த வாரம் அவிழ்த்து வைக்கலாம். கழுத்தில் கயிறு இருந்தால் எப்போதுமே வேண்டாம், அது மாட்டி இறுக்கிவிடும் ஆபத்து.

இன்னொன்று, தூக்கி வைத்திருப்பவரின் உடை. பாலியஸ்டர் நைட்டி அணிந்து மடியில் போட்டுப் பால் கொடுத்தால் குழந்தையின் கன்னமும் தோளும் ஊறிப்போகும். கைக்கும் குழந்தையின் தலைக்கும் நடுவே ஒரு பருத்தித் துண்டு போட்டுக்கொள்ளுங்கள், ஈரமானதும் மாற்றுங்கள்.

தூளி கட்டுவதாக இருந்தால் பழைய நூல் சேலையில் கட்டுங்கள். செயற்கை இழைச் சேலை வேண்டவே வேண்டாம். நூல் சேலை என்றாலும் தூளி மூன்று பக்கமும் உடம்பைச் சுற்றிக்கொள்ளும், காற்றுப் போகாது. வேர்க்குரு ஆறும்வரை பாய்மேல் மல்லாக்கப் படுக்க வைப்பதே நல்லது.

மருந்துக்கடை_திருச்சி:

பவுடர் பற்றி நான் சொல்கிறேன். வியர்வையோடு சேர்ந்ததும் பவுடர் பசையாகிவிடும். கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் உருண்டு திரண்டு, தோலை உராய்ந்து புண்ணாக்கும். டால்க் மிக நுண்ணிய கல்மாவு. தட்டும்போது கிளம்பும் தூசி குழந்தையின் மூச்சுக்குழாயில் இறங்கினால் கடுமையான மூச்சுத்திணறல் வரலாம். சோளமாவில் செய்த பவுடர் என்றாலும் மூச்சில் ஏறும், மடிப்பில் பசையாகும். மூக்குப் பக்கம் தட்டாமல் கையில் போட்டுத் தடவினால் தூசி குறையும், ஆனாலும் வேர்க்குருவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதைவிட மோசம், பெரியவர்களுக்கு விற்கும் வேர்க்குரு பவுடரைக் குழந்தைக்குப் போடுவது. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். மென்தால், சாலிசிலிக் அமிலம், போரிக் அமிலம் இவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். போரிக் அமிலம் புண்பட்ட தோல்வழியே உடம்பில் ஏறி நஞ்சாகும். கற்பூரம் கலந்த எதையும் கைக்குழந்தையின் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், அது வலிப்பை உண்டாக்கும். சளிக்குத் தடவும் தைலமும் இதில் சேர்த்தி.

கடையில் கேட்டு வாங்கத் தகுந்தது ஒன்றே ஒன்று, வெறும் கலமைன் லோஷன். "வெறும்" என்பதை அழுத்திச் சொல்லுங்கள். சில தயாரிப்புகளில் கலமைனோடு டைபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்தோ கற்பூரமோ கலந்திருக்கும். அவை கைக்குழந்தைக்கு ஆகாது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் கொஞ்சம் நனைத்து, பொரி உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய பூச்சாக ஒற்றி, காயவிட்டு அப்புறம் உடுப்புப் போடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அடுத்த பூச்சுக்கு முன்னால் பழையதைத் தண்ணீரால் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுக்கடுக்காகப் படிந்து அதுவே காரையாகிவிடும். கழுத்து மடிப்புக்குள் வேண்டாம், குழந்தை வாயில் போட்டுச் சப்பும் கைகளிலும் வேண்டாம், நீர் கசியும் புண்ணிலும் வேண்டாம். தோல் வறண்டு செதில் தெரிந்தால் நிறுத்துங்கள். காற்றோட்டம் சரியான வீட்டில் இந்த லோஷனே தேவைப்படாது, அரிப்பு தணிய ஓரளவு உதவும், அவ்வளவுதான்.

வேர்க்குரு என்று சொன்னதுமே ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகக் கலந்த டியூபை எடுத்து நீட்டும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர் டியூபில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குழந்தையின் தோல் மெல்லியது, மருந்து சுலபமாக உள்ளே இறங்கும். மடிப்பிலும் டயப்பருக்கு அடியிலும் இன்னும் அதிகமாக இறங்கும். இரண்டு நாளில் சிவப்பு மாயமாக மறைந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. மருந்து பலிக்கிறது என்று நினைத்துத் தொடர்ந்து போடுவார்கள். தோல் மெலிந்து, அடியில் பூஞ்சை இருந்தால் அது பரவி, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும். மூத்த குழந்தைக்கு வாங்கி மீந்த டியூபையும் எடுக்க வேண்டாம். மிதமான ஸ்டீராய்டு தேவையா, எத்தனை நாளைக்கு என்பதைக் குழந்தையைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நுங்குத் தண்ணீர் தொடும்போது குளிர்ச்சியாக இருப்பது உண்மை. ஆனால் அதில் சர்க்கரை இருக்கிறது. காய்ந்தால் பிசுபிசுக்கும், எறும்பும் ஈயும் மொய்க்கும். தோல் கிழியாத முதுகில் தடவிப் பத்து நிமிடத்தில் தண்ணீரால் கழுவிவிட்டால் கெடுதல் இல்லை. அதே குளிர்ச்சியை ஈரத்துணி ஒற்றியும் பெறலாம் என்பதால் நான் ஈரத்துணிக்கே ஓட்டுப் போடுவேன். சந்தனம், முல்தானி மட்டி இரண்டும் காய்ந்து தோல்மேல் ஓடுபோல நிற்கும். அடைபட்ட துளையின்மேல் இன்னொரு மூடி. வேப்பிலை போட்ட தண்ணீரில் குளிப்பாட்டுவதால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் வடிகட்டி ஊற்றுங்கள். வாய்வழியாக வேப்பெண்ணெயோ சாறோ ஒரு துளியும் கூடாது.

கலைவாணி_கோவை:

எல்லாம் சரி, ஆனால் எண்ணெய்க் குளியல் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவது. அத்தைகள் அதை அன்போடு செய்கிறார்கள். ஒரேயடியாக நிறுத்து என்றால் வீட்டில் மனத்தாங்கல்தான் வரும். கைகால் பிடித்துவிட்டால் குழந்தையும் நன்றாகத் தூங்குகிறதே?

பச்சிளம்_செவிலி:

நியாயமான கேள்வி. பிடித்துவிடுவது நல்லதுதான், குழந்தையை அமைதியாக்குவது அந்தக் கையின் தொடுகை. அதை அத்தையிடமிருந்து பறிக்க வேண்டாம். வேர்க்குரு இருக்கும் நாட்களில் எண்ணெய் இல்லாமல் வெறுங்கையால் கை, கால், உள்ளங்கால் இவற்றை மட்டும் பிடித்துவிடச் சொல்லுங்கள். முதுகும் கழுத்தும் நெற்றியும் ஆறிய பிறகு, வெயிலும் தணிந்த பிறகு, குளிப்பதற்கு முன் சில துளிகளை உள்ளங்கையில் பரப்பித் தேய்த்துக் கழுவிவிடலாம். குளித்த பிறகு எண்ணெய் தடவி விடுவதுதான் கோடையில் கூடாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் வியர்வை சிக்கி, தோல் இன்னும் ஊறும். வாசலின் மாதிரி கெட்டியான களிம்புகளும் அப்படித்தான். டயப்பர் இடத்தில் காப்புக்காக அவற்றைப் போடுவது வேறு, வேர்க்குரு இடத்தில் போடுவது வேறு.

மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் அதற்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். முடியைக் காயவைக்கத்தானே அது? இரண்டு மாதக் குழந்தையின் முடி மல் துணியால் இரண்டு தரம் ஒற்றினால் காய்ந்துவிடும்.

பாசிப்பயறு மாவை வீட்டில் எவ்வளவு நைசாக அரைத்தாலும் நொய் இருக்கும். பொரிந்த தோலில் அது உரசும், மடிப்பில் தங்கிப் புளிக்கும்.

அகில்_அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரப்பர் ஷீட் முழு நீளத்துக்கு விரித்திருந்தோம், எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம். நெற்றியில் இருப்பவை சிவப்பாக இல்லை. பனித்துளி மாதிரி தெளிவாக, துணி பட்டாலே உடைந்துவிடுகின்றன. இதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுப் பாட்டி அம்மை போட்டிருக்கு, குளிப்பாட்டாதே என்கிறார். பயமாக இருக்கிறது. மொட்டை மாடிக்கு அடியில் இருப்பதால் ராத்திரியில்தான் அறை தகிக்கிறது, அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

தோல்_மருத்துவப்_பிரிவு:

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் சொல்வது வேர்க்குருவின் இன்னொரு வகைக்குச் சரியாகப் பொருந்துகிறது. அடைப்பு மேல்தோலின் மேற்பரப்பிலேயே இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் தெளிந்த நீர்க்கொப்புளம் வரும். சிவப்பு இருக்காது, அரிக்காது, லேசாகப் பட்டாலே உடைந்து ஒரு நாளிலோ சில நாளிலோ மெல்லிய பொருக்காக உதிர்ந்துவிடும். அடைப்பு இன்னும் ஆழத்தில் இருந்தால் முதுகில் இருப்பதுபோலச் சிவந்து குத்தும். இரண்டும் ஒரே குழந்தைக்கு ஒரே நேரத்தில் வரும்.

சின்னம்மை வேறு மாதிரி. அதில் காய்ச்சலோ சுணக்கமோ கூட வரும். ஒவ்வொரு கொப்புளமும் சிவந்த அடித்தளத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். தலைமுடிக்குள்ளும் வாய்க்குள்ளும் வரும். வீட்டில் யாருக்காவது அம்மையோ அக்கியோ வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த வயதில் அம்மை என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கே காட்ட வேண்டும். அப்போதும் குளிப்பாட்டத் தடையில்லை.

வேர்க்குரு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வராது. அங்கே பொரி இருந்து, வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு இருந்தால் சிரங்காக இருக்கலாம். கன்னத்திலும் முழங்கை முழங்கால் வெளிப்பக்கத்திலும் வறண்டு சொரசொரப்பாகச் சிவந்தால் கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் அழற்சி. இடுக்குகளில் பளபளக்கும் அடர்சிவப்பு, அதன் விளிம்பைச் சுற்றிச் சிதறிய தனிப் பொட்டுகள், நாக்கில் துடைத்தாலும் போகாத வெண்படலம் என்றால் பூஞ்சை. கழுத்து மடிப்பில் வேர்க்குருவும் பூஞ்சையும் சேர்ந்தே இருப்பதைப் பல குழந்தைகளிடம் பார்க்கலாம். குளிர்ச்சியாக வைத்தும் முதுகு ஆறி, கழுத்து மட்டும் ஆறாவிட்டால் அதை நினையுங்கள். அதற்குப் பூஞ்சை மருந்து தேவை.

கோடையில் வரும் இன்னொரு சிக்கல் வேனல் கட்டி. அடைபட்ட இடத்தில் கிருமி இறங்கி, நெற்றியிலும் தலையிலும் பட்டாணி அளவுக்கு வலியுள்ள கட்டிகளாகத் திரளும். நசுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், சில சமயம் மருத்துவர் கீறிச் சீழை எடுக்க வேண்டியிருக்கும். நகத்தை ஒட்ட வெட்டி வைப்பது இதைத் தடுக்க நல்ல வழி.

வேர்க்குரு காய்ச்சலைக் கொண்டுவராது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் எட்டினாலே வெயில் சூடு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உடம்பு கொதித்தும் வியர்வையே இல்லாதது, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாதது, இவற்றில் எது இருந்தாலும் அப்படியே. பொரிமேல் தேன் நிறப் பொருக்கு, சீழ், தொட்டால் சூடாகப் பரவும் சிவப்பு இவை கிருமித்தொற்று, அன்றைக்கே காட்டுங்கள். கண்ணாடி டம்ளரின் பக்கத்தால் அழுத்திப் பாருங்கள். வேர்க்குருச் சிவப்பு அழுத்தத்தில் வெளிறும். வெளிறாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளி என்றால் 108 வண்டியைக் கூப்பிடுங்கள்.

எத்தனை நாளில் போகும் என்றால், சூழல் குளிர்ந்ததும் புதுப்பொரி வருவது முதலில் நிற்கும், பழையவை ஒரு வாரத்துக்குள் அடங்கும். அடைபட்ட துளைகள் புதுத்தோல் வந்து முழுதாகத் திறக்க இரண்டு வாரம்வரை ஆகலாம். அதற்குள் ஒருநாள் நன்றாக வியர்க்க விட்டால் அதே இடத்தில் திரும்பக் கிளம்பும். நான்கு நாள் சரியாகப் பார்த்துக்கொண்டும் புதுப்பொரி வந்துகொண்டே இருந்தால் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள்.

கட்டட_மேஸ்திரி:

அறை ராத்திரியில் தகிப்பதற்குக் காரணம் கான்கிரீட் தளம்தான். பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்திருந்து, மாலை ஆறு ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை உள்பக்கம் கக்கும். அதனால் மதியத்தைவிட முன்னிரவில் குழந்தைக்கு அதிகம் வியர்க்கும். அந்த நேரத்தில் சீலிங் ஃபேனை முழு வேகத்தில் ஓட்டினால் கூரையடிச் சூட்டைத்தான் கீழே தள்ளும். ஜன்னல் ஓரத்தில் டேபிள் ஃபேன் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுங்கள். காற்று குழந்தையின் முகத்தில் நேராக அடிக்காமல் உடம்பைத் தடவிப் போகும்படி, சுழலவிட்டு வையுங்கள்.

மாடியில் மாலை ஐந்தரை மணிக்கு மேல், வெயில் இறங்கியதும் தண்ணீர் தெளித்தால் தளத்தின் சூடு ஆவியோடு போகும். உச்சி வெயிலில் ஊற்றினால் தளம் வெடிப்பு விடும், தண்ணீரும் வீண். நிலையான வழி வெள்ளைப் பூச்சு. தளத்தை நன்றாகக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு, ஊறவைத்து வடிகட்டிய சுண்ணாம்பில் பசை சேர்த்து இரண்டு கை அடியுங்கள், முதல் பூச்சு காய்ந்த பிறகு இரண்டாவது. வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயிண்ட் வாங்க முடிந்தால் இன்னும் நாள்பட நிற்கும். சுண்ணாம்பு மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். கீற்றுப் பந்தல் போடுவதானால் தளத்தோடு ஒட்டாமல் காற்றுப் போக இடைவெளி விடுங்கள். வாடகை வீடானாலும் வீட்டுக்காரர் இதற்கு மறுப்புச் சொல்வது குறைவு, தளத்துக்கும் நல்லதுதானே.

சென்னையில் கடல்காற்று மதியத்துக்கு மேல்தான் ஏறும். அதற்கு முன் வெயில் படும் ஜன்னல்களை வெளிப்பக்கமாகத் திரை போட்டு மறையுங்கள். காற்று ஏறியதும் கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்பக்கக் கதவையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று ஓடும், ஒன்றை மட்டும் திறந்து பலனில்லை. ஈரச்சாக்கு, ஈரத்திரை, ஏர்கூலர் எல்லாம் வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் வறண்ட வெயிலுக்கு நல்லவை. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது அவை இன்னும் ஈரத்தைக் கூட்டும், வியர்வை காயவே காயாது. குழந்தையை மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். கட்டிலைவிடத் தரையில் பாய் குளிர்ச்சி.

பச்சிளம்_செவிலி:

ஏசி பற்றி விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். சளியைக் கொண்டுவருவது வைரஸ், ஏசி அல்ல. 25 அல்லது 26 டிகிரியில் வைத்து, காற்று நேரே குழந்தைமேல் அடிக்காதபடி திசை திருப்பி, வழக்கமான ஒற்றை ஜப்லாவோடு படுக்க வைக்கலாம். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். குளிருமே என்று போர்வையைச் சுற்றினால் ஏசி போட்டும் வேர்க்குரு வரும். நிறைய வீடுகளில் நடப்பது அதுதான். கையும் காலும் சில்லென்று இருப்பது இந்த வயதில் இயல்பு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ விரல் வைத்துப் பாருங்கள். அங்கே ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் குழந்தைக்குப் புழுங்குகிறது. குடைபோல விரியும் நைலான் கொசுவலையும் காற்றைத் தடுக்கும். கொசு நுழையாத கண்ணுள்ள வலையைப் படுக்கைக்கு மேல் உயரமாகக் கட்டினால் கொசுவும் வராது, காற்றும் வரும்.

புதுத்துணியைத் துவைக்காமல் போடாதீர்கள், அதில் கஞ்சி இருக்கும். குழந்தைத் துணிக்கு வாசனைத் திரவம் வேண்டாம், இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

அகில்_அம்மா:

இன்னும் ஒன்றே ஒன்று. வைகாசியில் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட வேண்டும் என்கிறார்கள். தலையில் வேர்க்குரு இருக்கும்போது போடலாமா? மொட்டை போட்டால் குறையும் என்றும் சொல்கிறார்கள்.

தோல்_மருத்துவப்_பிரிவு:

பொரி இருக்கும்போது வேண்டாம். கத்தி அந்தப் பொரிகளின் தலையைச் சீவிவிடும், அங்கே கிருமி இறங்கினால் வேனல் கட்டி ஆகும். முடி குறைந்தால் தலை சீக்கிரம் காயும் என்பது சரி, ஆனால் அதற்குக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினாலே போதும். தள்ளிப்போட முடியாத வேண்டுதல் என்றால் தோல் முழுக்க ஆறிய பிறகு, அதிகாலையில், புது பிளேடு போடச் சொல்லி எடுங்கள். மொட்டைக்குமேல் சந்தனத்தைக் கெட்டியாகப் பூசி நாள் முழுக்க விடாதீர்கள். சாமி முன்னால் நெற்றியில் ஒரு பொட்டாக வைத்துவிட்டு, தலையைத் தண்ணீரால் கழுவி ஒற்றிக் காயவிடுங்கள். வெயிலில் வெளியே வரும்போது மட்டும் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைத் தலைக்குமேல் பிடித்து வாருங்கள், நிழலுக்கு வந்ததும் எடுத்துவிடலாம். காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, முதுகைத் துடைத்து ஜப்லாவை மாற்றுங்கள். பட்டு உடுப்பைப் போட்டோ எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும், உள்ளே பருத்தி ஜப்லாவோடு போடுங்கள். ஜரிகை கழுத்தில் நேராகப் படக்கூடாது.